தவறறியும் மூளை

கரும்பலகையில் விரைந்து எழுதும்போது, 'ல' வரவேண்டிய இடத்தில் 'ள' விழுந்துவிடுகிறது. கண் அதனைப் படித்தறியுமுன்னரே கை தயங்கி நிற்கிறது. ஆசிரியத் தொழில் புரியும் நாம் இதனை நாள்தோறும் காண்கிறோம். கைக்குச் செய்தி சொன்னது யார்?

1990ஆம் ஆண்டையொட்டி ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர் சிலர் இதற்கு விடை கண்டனர். தலையில் மின்வாய்களைப் பொருத்தி, திரையில் தோன்றும் எழுத்து வரிசையின் நடுவெழுத்துக்கேற்பப் பொத்தானை விரைந்து அழுத்துமாறு சிலரைப் பணித்தனர். பிழையான பொத்தானை அழுத்தியவுடன், விநாடியின் பத்திலொரு பங்கு கழிவதற்குள், மூளையின் முன்பாகத்தில் ஒரு மின்னலை எழுந்தது. பிழையென எவரும் சொல்லவில்லை. மூளை தானே அறிந்துகொண்டது!

மனச்சிதைவு நோயாளரிடத்து இவ்வலை தாழ்ந்திருப்பதை 1999 முதலாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அவர்கள் தம் பிழையை அறவே உணராதவர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பிழைக்குப்பின் பிறரைப் போலவே நிதானித்து அழுத்தியோரும் அவர்களுள் உளர். குன்றியிருப்பது அந்த முதற் கணத்து எச்சரிக்கையே. "வேண்டுமென்றே பிழைசெய்கிறான், பிடிவாதக்காரன்" என்று வீட்டார் கடிந்துகொள்வதை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அச்சொல்லை இனியேனும் மறுபரிசீலனை செய்தல் நன்று.

மூளை ஒரு செயலை ஏவும்போது, அவ்வேவலின் படியொன்றைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது என்பர். நம் உள்ளங்கையை நாமே வருடினால் கூச்சம் குன்றுவது இதனாலேயாம். காதில் குரல் கேட்கும் நோயாளர் சிலருக்கோ, தாமே வருடுவதும் பிறர் வருடுவதும் ஒன்றுபோலவே தோன்றியதென 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கண்டனர். தம் உள்ளப் பேச்சே அயலார் குரலாய் அவர்க்குக் கேட்கிறதோ என்ற ஐயமும் இதிலிருந்தே எழுகிறது. இஃது இன்னும் முடிந்த முடிபன்று.

அந்நாட்டின் உளவியலறிஞர் கிறிஸ்தோபர் பிரித் 1989இல் வெளியிட்ட சோதனையொன்று நம் நெஞ்சைவிட்டு அகல்வதில்லை. திரையில் நிகழும் ஒரு விளையாட்டில், செயலின் விளைவு சிறிது நேரம் மறைக்கப்பட்டிருந்தது. தம்மைப் பிறிதொரு சக்தி இயக்குவதாகக் கூறிய நோயாளர், அவ்வேளையில் தம் பிழையைத் திருத்திக்கொள்ளப் பெரிதும் இடர்ப்பட்டனர். விளைவு கண்முன் தெரிந்தபோதோ, ஏனையோரைப் போலவே அவர்களும் திருத்திக்கொண்டனர்.