உள்ளே 28, வெளியே 45

பழைய மார்ட்டின் கிதாரின் மதிப்பை அறிய விரும்புபவர்கள், அதன் ஒலித்துளைக்குள் சிறு விளக்கொன்றைப் பிடித்துப் பார்ப்பது வழக்கம். உள்ளே, கழுத்தைத் தாங்கும் மரக்கட்டையில் வரிசை எண்ணும், 1930-க்குப் பிந்தைய கருவியாக இருந்தால் அதன் வகையும் அழுத்திப் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வாறு பார்க்கும்போது சில கிதார்கள் வியப்பளிக்கும். வெளியே விளிம்பெங்கும் நீலமும் பச்சையுமாகச் சிப்பி மின்னும். நிறுவனத்தின் ஆக விலையுயர்ந்த 'டி-45' அது என்று கண் சொல்லும். உள்ளே இருக்கும் முத்திரையோ 'டி-28' என்று சொல்லும். எளிய கருவியொன்று பிற்காலத்தில் யாரோ ஒருவர் கையால் அணிபூண்டிருக்கிறது என்பது பொருள். அந்த 'யாரோ' சிலரில் முதன்மையாக நினைவுகூரப்பட வேண்டியவர் அமெரிக்கரான மைக் லாங்வொர்த்.

அவர் செய்த வேலையின் அருமை புரிய, அந்தக் கிதாரின் கதையைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியிலிருந்து குடியேறிய மார்ட்டின் குடும்பம் 1833-இல் நியூயார்க்கில் கடை திறந்து, பின்னர் பென்சில்வேனியாவின் நாசரேத் என்னும் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. அடக்கமான தோற்றமே அந்நிறுவனக் கருவிகளின் அடையாளம். அதற்கு விதிவிலக்காக, 1904-இல் விளிம்பு முழுவதும் அபலோன் சிப்பி பதித்த '45' என்னும் அலங்கார வரிசை வந்தது. 1933-இல், திரையில் பாடும் மாட்டிடையராகப் பின்னர் புகழ்பெற்ற ஜீன் ஆட்ரிக்காக, பெரிய உடல் கொண்ட 'டிரெட்நாட்' கிதாரில் அதே அலங்காரம் செய்யப்பட்டது. விரற்பலகையில் அவர் பெயரே சிப்பியால் எழுதப்பட்ட அந்தக் கருவிதான் முதல் டி-45. இன்று அது லாஸ் ஏஞ்சலீஸில் அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போர்க்காலமான 1942-இல் இவ்வகையின் உற்பத்தி நின்றது. அதுவரை செய்யப்பட்டவை மொத்தம் 91.

போருக்குப் பின் நாட்டுப்புற இசையும் புளூகிராஸ் இசையும் பரவின. மேடையில் நிற்கும் கலைஞனுக்கு ஒளிரும் கருவியின் மீது ஆசை எழுவது இயல்பு. ஆனால், இருந்த 91 கருவிகளை வைத்திருந்தவர்கள் விற்க முன்வருவதில்லை. புதிதாகச் செய்து தருமாறு கேட்டால் நிறுவனமும் தருவதில்லை. டி-28 மட்டும் கிடைத்தது. உடலின் அளவு, முதுகுப் பலகையின் ஈட்டி மரம், மேற்பலகையின் ஸ்புரூஸ் மரம் என அனைத்திலும் அது டி-45-இன் உடன்பிறப்பு; பெரிய வேறுபாடு அணிகலனில்தான். 1950, 60-களில் டி-28-ஐ டி-45 ஆக மாற்றித் தந்தவர்களில் லாங்வொர்த்தின் கை தனித்து அறியப்பட்டது.

அந்த வேலையை 'அலங்காரம்' என்று ஒரு சொல்லில் கடந்துவிட முடியாது. சிப்பியின் உள்ளோடு சுண்ணாம்புப் பொருளாலான மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்தது. ஒவ்வொரு தகட்டின் தடிமனும் ஒளியின் அலைநீளத்தை ஒட்டியது என்பதால், ஒளி அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போது நிறங்கள் பிறக்கின்றன; பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். ஆகவே ஓட்டை எந்தத் திசையில் அறுப்பது, எந்தத் துண்டை எதன் பக்கத்தில் வைப்பது என்பதே பாதி வேலை. அருகருகே அமரும் இரு துண்டுகளில் ஒன்று ஒளிர்ந்து மற்றொன்று இருண்டு கிடந்தால், எவ்வளவு துல்லியமாக வெட்டியிருந்தாலும் பயனில்லை.

வளைந்த ஓட்டிலிருந்து தட்டையான துண்டுகளை எடுத்து, ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுக்குத் தேய்த்து, பொற்கொல்லர் பயன்படுத்தும் இழை போன்ற வாளால் வடிவம் அறுக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரைத் தலைப்பகுதியில் மேலிருந்து கீழாகச் சிப்பி எழுத்துகளால் பதிப்பது டி-45-இன் மரபு. 'எம்' எழுத்தின் கூர்முனைகளை அறுக்கும்போது ஓடு உடைந்தால், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பின்னர் அதே வடிவத்தை மரத்தில் கீறி, அதே ஆழத்துக்குக் குடைந்து, பசையிட்டு அமர்த்தி, சுற்றியுள்ள இடைவெளியைக் கருங்காலித் தூள் கலந்த பசையால் நிரப்பி, விரற்பலகையின் மெல்லிய வளைவுக்கேற்ப இழைத்துச் சமன்செய்ய வேண்டும். சிப்பித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடியின்றி இந்த வேலையில் இறங்கக் கூடாது.

விளிம்பு வேலை இதைவிடக் கடினம். சிப்பி வளையாது, கிதாரின் இடுப்போ வளைந்து நெளிந்தது. சிறு சிறு பட்டைகளை வரிசையாகச் செருகி, வளைவின் போக்குக்கேற்ப அவற்றைத் தெறிக்கவிட்டும் தேய்த்தும் இணைத்தால்தான் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே ஓட்டமான கோடாகத் தெரியும். டி-28-ஐ மாற்றும்போது இன்னொரு துணிச்சலும் வேண்டும். 1940-களின் நடுப்பகுதி வரை வந்த டி-28-இன் மேற்பலகை விளிம்பில் மீன்முள் போன்ற மரக் கோலம் ஓடும். அதைப் பெயர்த்தெடுத்துவிட்டுத்தான் சிப்பிக்கு வழிவிட முடியும்.

1968-இல் டி-45-ஐ மீண்டும் கொண்டுவர மார்ட்டின் நிறுவனம் முடிவு செய்தபோது ஓர் இடர் எதிர்ப்பட்டது. இடைவெளி கால் நூற்றாண்டு. இந்த நுணுக்கத்தில் பழக்கப்பட்ட கை தொழிற்சாலையில் இல்லை. நாசரேத்துக்கு வெளியே, நிறுவனத்தின் ஒப்புதலோ ஊதியமோ இன்றி அந்த வித்தையை உயிரோடு வைத்திருந்த லாங்வொர்த் அவ்வாண்டே பணியில் அமர்த்தப்பட்டார். தன் குலச்சொத்தை அயல்வீட்டுக்காரரிடம் கேட்டுத் திரும்பக் கற்றுக்கொண்ட குடும்பத்தின் நிலைமைதான் அது!

மீண்டு வந்த டி-45-களில் முதல் இரு நூற்றுச் சொச்சம் கருவிகள் பிரேசில் ஈட்டி மரத்தால் ஆனவை. அம்மரத் தடிகளின் ஏற்றுமதியை பிரேசில் நிறுத்திவிட, 1970 முதல் இந்திய ஈட்டி மரம் அந்த இடத்தைப் பிடித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில், நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் விளையும் அதே மரம்தான். உலகப் புகழ்பெற்ற மேடைக் கிதார்களின் முதுகில் நம் மலைக்காட்டின் மரம் இருப்பதை நம்மவர்கள் பலர் கவனித்ததில்லை.

லாங்வொர்த் அத்துடன் நிற்கவில்லை. நிறுவனத்தின் பழைய கணக்கேடுகளைப் புரட்டி, எந்த ஆண்டில் எந்த வகைக் கருவிகள் எத்தனை செய்யப்பட்டன என்று தொகுத்து 1975-இல் மார்ட்டின் கிதார்களின் வரலாற்றை நூலாக்கினார். போருக்கு முந்தைய டி-45-கள் 91 என்னும் கணக்கை இன்று எல்லோரும் உறுதியாகச் சொல்ல முடிவது அத்தகைய உழைப்பால்தான். அசலுக்கும் மாற்றியமைத்ததற்கும் உள்ள கோட்டைத் தெளிவாக வரைந்து கொடுத்தவர், ஒரு காலத்தில் கிதார்களை மாற்றியமைத்தவரே என்பதுதான் இதில் சுவையான முரண்.

அந்தக் கோட்டின் விலை இன்று மிகப் பெரியது. போருக்கு முந்தைய அசல் டி-45 லட்சக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. அதே காலத்து டி-28-இல் எத்துணை அழகாகச் சிப்பி பதித்திருந்தாலும், கைபடாத டி-28-ஐவிடக் குறைவாகவே சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் அதை மதிப்பார்கள். பழங்கருவி மேலும் பழுதுபடாமல் காப்பதே கடமை, அதை மேம்படுத்துவது நம் வேலையல்ல என்பது அவர்கள் வாதம். மீன்முள் கோலத்தை ஒருமுறை பெயர்த்துவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதால், அந்த வாதத்தில் நியாயம் உண்டு. இன்று ஒருவர் 1938-ஆம் ஆண்டு டி-28-இல் உளியை வைத்தால் நானும் தடுப்பேன்.

ஆனால், 1950-களின் செயலை இன்றைய சந்தை விலையால் அளப்பது பொருந்தாது. அன்று அவை பழம்பொருள்கள் அல்ல. இரவு நிகழ்ச்சிக்கு எடுத்துச் செல்லும் தொழிற்கருவிகள். இருபது வயதான ஒரு டி-28 அன்று வெறும் பழைய கிதார். போருக்கு முன் நான்கு கம்பிகளுடன் செய்யப்பட்ட கிப்சன் பான்ஜோக்கள் பல, புதுக் கழுத்தும் புதுச் சிப்பியும் பெற்று ஐந்து கம்பிக் கருவிகளாக மேடையேறியதும் இதே தேவையால்தான். வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லி, உள்ளே பொறித்த முத்திரையை அழிக்காமல் விட்டவரை அதில் ஏமாற்று எதுவுமில்லை. முத்திரையைச் சுரண்டி அசல் என்று விற்றால்தான் அது மோசடி.

இப்போது கணினி வழிநடத்தும் இயந்திரம் எழுத்தையும் அறுக்கிறது, மரத்தையும் குடைகிறது. காகிதக் கனத்துக்குச் சீவிய சிப்பிகளை அடுக்கி ஒட்டிய தகடுகள் வந்துவிட்டதால், நிறப்பொருத்தம் பார்த்துப் பொறுக்கும் சிரமமும் குறைந்துவிட்டது. அவற்றின் துல்லியத்தில் குறை காண முடியாது. எனினும், லாங்வொர்த்தின் தலைமுறை செய்த கருவியை விளக்கொளியில் மெல்லச் சாய்த்துப் பார்த்தால், விளிம்பில் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் மயிரிழை இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும்.