கரண்ட் போனா லேப்டாப்புக்கு ஏன் தூக்கம் வருது?

காலை 9 மணி. கேம்பஸ் இன்டர்வியூவோட முதல் ரவுண்ட், ஆன்லைன் டெஸ்ட், 10 மணிக்கு. ராசிபுரம் பக்கத்துல உங்க வீடுன்னு வெச்சுக்குவோம். குளிச்சு, சாமி கும்பிட்டு, லேப்டாப் முன்னாடி ஜம்முனு உட்கார்ந்தாச்சு. 'டொப்'... தலைக்கு மேல சுத்திட்டிருந்த ஃபேன் நிக்குது. அப்பா பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காமலே சொல்றார்: "மாதாந்திர பராமரிப்பு கண்ணு. நேத்தே பேப்பர்ல போட்டிருந்தாங்களே, நீ பார்க்கலையா? இனி சாயங்காலம்தான்!"

சரி, பேட்டரி 90 சதவீதம் இருக்கே, பயமென்னன்னு செல்போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு ஆரம்பிக்கிறீங்க. டெஸ்ட் பக்கம் திறக்கவே மூச்சு வாங்குது. கேமரா ஆன் ஆனதும் மவுஸ் திக்கித் திக்கி நகருது. நேத்து ராத்திரி சார்ஜர் மாட்டியிருந்தப்போ குதிரை மாதிரி ஓடின அதே மெஷின் பாஸ் இது!

இதைவிடக் கடுப்பான சீன் அடுத்த வாரம் நடக்கும். லேப்டாப்பைத் தூக்கிட்டுக் கடைக்குப் போவீங்க. "ரேம் பத்தல தம்பி... ஃபார்மட் அடிச்சிடலாம்... மதர்போர்டுலயே பிரச்னை இருக்கும்போல"ன்னு லிஸ்ட் நீளும். அடியேனும் ஒருமுறை தலையாட்டிட்டு ஃபார்மட்டுக்குக் காசு கொடுத்தவன்தான். வீட்டுக்கு வந்து சார்ஜரைக் கழட்டினா... பழைய குருடி கதவைத் திறடி!

மேட்டர் என்னன்னா ஃப்ரெண்ட்ஸ், பேட்டரியில லேப்டாப் மெதுவாகறதுக்கு மூணு காரணம் இருக்கு. அதுல ஒண்ணே ஒண்ணுக்குத்தான் கையில இருந்து காசு போகணும். எது உங்க கேஸுன்னு தெரியாம கடைப் படி ஏறாதீங்க.

வேணும்னேதான் மெதுவாகுது!

முதல் காரணம், லேப்டாப்பைச் செஞ்சவங்களே அதை அப்படித்தான் செஞ்சிருக்காங்க. இதுக்கு 25 வயசுக்கு மேல ஆச்சு. 2000 ஜனவரியில இன்டெல் கம்பெனி 'ஸ்பீட்ஸ்டெப்'னு ஒரு வசதியோட மொபைல் பென்டியம் 3 சிப்பை இறக்குச்சு. சார்ஜர்ல இருந்தா 650 மெகாஹெர்ட்ஸ், பேட்டரிக்கு மாறினா 500 மெகாஹெர்ட்ஸ். இன்னிக்கு உங்க செல்போனைப் பார்த்தா அந்த வேகம் வெட்கப்படும். ஆனா உள்ளே இருக்கற கணக்கு இன்னும் மாறல.

சிப் தின்னுற கரண்ட், அது ஓடுற வேகத்தைப் பொறுத்தது. அதோட, அதுக்குக் கொடுக்கற வோல்டேஜை அதாலேயே பெருக்கினா வர்ற அளவையும் பொறுத்தது. வேகத்தைக் குறைச்சா வோல்டேஜையும் குறைச்சுக்கலாம். அந்தப் பென்டியம் சிப்புல 1.6 வோல்ட் 1.35 ஆச்சு. பெருக்கிப் பாருங்க. வேகத்துல கால் பங்குக்கும் கொஞ்சம் கம்மியாத்தான் போச்சு, மின்சாரத்துல ஏறக்குறைய பாதி மிச்சம்! நாமக்கல் லாரி டிரைவர் யாரையாவது கேளுங்க. 80-ல போற வண்டியை 60-க்கு இறக்கினா டீசல் எவ்வளவு மிஞ்சும்னு அவர் விரல் விட்டுச் சொல்வார். அதே சமாச்சாரம்தான்.

உங்க பேட்டரி 45 வாட்-ஹவர்னு வைங்க. மெஷின் 15 வாட்டுல அடக்கமா ஓடினா 3 மணி நேரம் தாங்கும். முழு மூச்சா 45 வாட் இழுத்தா ஒரே மணி நேரத்துல கதை முடிஞ்சுது. 'உனக்கு எது வேணும், நேரமா வேகமா'ன்னு மெஷின் கேட்கணும். அது கேட்காம, நேரம்தான் வேணும்னு தானே முடிவு பண்ணிடுது. அவ்வளவுதான்.

விண்டோஸ் 11-ல செட்டிங்ஸ், சிஸ்டம், 'பவர் அண்ட் பேட்டரி' போனா 'பவர் மோட்'னு ஒண்ணு இருக்கும். சார்ஜரைக் கழட்டிட்டு அதை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்'ல வெச்சுப் பாருங்க. வேகம் திரும்பி வந்துச்சா? கேஸ் முடிஞ்சது, பைசா செலவில்ல. அதே பக்கத்துல 'எனர்ஜி சேவர்' இருக்கும். 20, 30 சதவீதத்துக்கு இறங்கினதும் அது தானா விழிச்சு பிரேக் போடும். டெஸ்ட் நேரத்துல அதை அணைச்சிடுங்க. லேப்டாப் கம்பெனிக்காரங்க தனியா ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்திருப்பாங்க, அதுலயும் ஒரு தடவை எட்டிப் பாருங்க. சில சமயம் வில்லன் அங்கே உட்கார்ந்திருப்பான்.

தொட்டியும் பைப்பும்

ரெண்டாவது காரணம், பேட்டரியால அவ்வளவு கொடுக்கவே முடியாது. கேமிங் லேப்டாப் வெச்சிருக்கற புண்ணியவான்களுக்கு இது. உங்க அடாப்டர் செங்கல் சைஸ்ல இருக்கும், 180 வாட், 230 வாட்னு போட்டிருக்கும். பேட்டரியோ 100 வாட்-ஹவரைத் தாண்டாது. அதுக்கு மேல போனா விமானத்துல கொண்டுபோக தனி அனுமதி வாங்கணுங்கறதால, கம்பெனிகள் அந்தக் கோட்டுக்குள்ளேயே நின்னுக்கறாங்க. 230 வாட்டை அதுல இருந்து உறிஞ்சினா அரை மணி நேரம்கூடத் தாங்காது, சூடும் எகிறும். அதனால கிராபிக்ஸ் சிப்பைக் கட்டிப் போட்டுடறாங்க. இதுக்கு மருந்து இல்ல, பிளக் பாயின்ட் பக்கத்துல உட்கார்ந்து விளையாடுங்க.

மூணாவதுதான் நிஜமான வியாதி, பேட்டரி கிழடாகறது. இதைப் புரிஞ்சுக்க மொட்டை மாடிக்கு வாங்க. சேலம், நாமக்கல் பக்கம் போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும். வாளியில வெள்ளை வெள்ளையா உப்பு படியும். நாலஞ்சு வருஷம் ஓடின பைப்பை அறுத்துப் பார்த்தா உள்ளே உப்பு அடைச்சு விரல்கூட நுழையாது. தொட்டி நிறையத் தண்ணி இருக்கும், ஆனா குழாயைத் திறந்தா நூல் மாதிரி வரும்.

பழைய லித்தியம்-அயன் பேட்டரிக்குள்ளேயும் இதேதான். தொட்டியும் சின்னதாகும், வழியும் அடைக்கும். உள்தடைன்னு பிசிக்ஸ்ல படிச்சோமே, அது ஏறிடும். சிப் திடீர்னு நிறைய கரண்ட் இழுத்தா பேட்டரியோட வோல்டேஜ் தடால்னு விழும். புத்திசாலி மெஷின் இதை மோப்பம் பிடிச்சு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்கும். குறைக்கத் தெரியாத மெஷின், 30 சதவீதம்னு காட்டிட்டு இருக்கும்போதே பட்டுனு அணைஞ்சிடும்.

இந்த விஷயத்துல உலக லெவல்ல மாட்டிக்கிட்டது ஆப்பிள். பழைய ஐபோன்கள் திடீர்னு அணையாம இருக்க, பேட்டரி வயசானா போனை நாங்களே மெதுவாக்கறோம்னு 2017 டிசம்பர்ல ஒத்துக்கிட்டாங்க. அதுவரைக்கும் வாங்கினவங்ககிட்ட மூச்சு விடல. போன் பழசாச்சுன்னு புதுசு வாங்கினவங்க எல்லாம் கொதிச்சுட்டாங்க. மன்னிப்பு கேட்டு, 79 டாலர் பேட்டரியை 29 டாலருக்கு மாத்திக் கொடுத்தாங்க. 2020-ல கோர்ட் வழக்கை முடிக்க 50 கோடி டாலர் வரைக்கும் தர சம்மதிச்சாங்க. மெதுவாக்கினது தப்பில்லைங்கறது என் கட்சி, சொல்லாம விட்டதுதான் தப்பு. பேட்டரி மாத்தினா தீர்ற விஷயத்துக்குப் புது போன் வாங்கினவன் வயித்தெரிச்சல் சும்மா விடுமா?

அண்ணன் லேப்டாப்

நம்ம மாவட்டங்கள்ல இந்த மூணாவது கேஸ் ஏன் அதிகம்னா, நிறைய வீட்டுல ஓடறது அண்ணனோ அக்காவோ வாங்கின அரசு லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல ஆரம்பிச்ச விலையில்லா லேப்டாப் திட்டத்துல, அடுத்த எட்டொன்பது வருஷத்துல சுமார் 50 லட்சம் மெஷின் மாணவர்கள் கைக்குப் போச்சு. நல்ல விஷயம். ஆனா டைமிங்கைப் பாருங்க. 2012-ல சென்னையைத் தாண்டினா ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கும் மேல கரண்ட் கிடையாது. பள்ளிபாளையத்துலயும் குமாரபாளையத்துலயும் தறிச் சத்தம் நின்னு போச்சு. மேட்டூர்ல 840 மெகாவாட் அனல் மின் நிலையத்தைக் கூப்பிடு தூரத்துல வெச்சுக்கிட்டு, நாம மெழுகுவர்த்தியில படிச்சோம்! வீட்டுல அந்த ராத்திரியில வெளிச்சம் தந்த ஒரே ஜீவன் அந்த லேப்டாப் ஸ்கிரீன்தான். முழுசா ஏத்தறது, முழுசா இறக்கறதுன்னு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை அந்தப் பேட்டரியை வாட்டி எடுத்தோம்.

இன்னொரு எதிரி வெயில். சித்திரையில சேலம் 40 டிகிரியைத் தொடும். சூட்டுல 100 சதவீதம் சார்ஜோட கிடக்கற பேட்டரி சீக்கிரம் கிழடாகும். எப்பவும் பிளக்ல மாட்டியே வேலை பார்க்கறவங்க, 80 சதவீதத்தோட சார்ஜை நிறுத்தற வசதி உங்க மெஷின்ல இருக்கான்னு தேடிப் போட்டுடுங்க. மெத்தை மேல வெச்சுப் படம் பார்க்கற பழக்கத்தையும் விட்டுடுங்க சாமி.

உங்க பேட்டரிக்கு ஜாதகம் பார்க்கணுமா? விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, இங்கிலீஷ்ல 'பவர்' அப்புறம் சி.எஃப்.ஜி. சேர்த்து ஒரே வார்த்தையா அடிங்க. ஒரு இடைவெளி விட்டு, ஒரு சாய்ந்த கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்'னு இடைவெளி இல்லாம அடிச்சு என்டர் தட்டுங்க. ஒரு ரிப்போர்ட் ஃபைல் உருவாகும். அதுல 'டிசைன் கெபாசிட்டி'ன்னு ஒரு எண், 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி'ன்னு ஒரு எண். முதல்ல 45,000 மில்லிவாட்-ஹவர் இருந்து ரெண்டாவது 20,000-ன்னு காட்டினா, தொட்டி பாதிக்கும் கீழே சுருங்கிடுச்சுன்னு அர்த்தம். இப்பத்தான் கடைக்குப் போகணும், அதுவும் பேட்டரிக்கு மட்டும். ரேம் பேச்சே எடுக்க விடாதீங்க! சார்ஜர் மாட்டினாலும் மெஷின் அதே மாதிரி மெதுவா இருந்தா மட்டும், கடைக்காரர் சொல்றதைக் காது கொடுத்துக் கேளுங்க.

பாதி விலைக்குக் கிடைக்குதேன்னு பேர் தெரியாத பேட்டரி வாங்கறது ஆபத்து. அடாப்டரும் அப்படித்தான். சில மெஷின்கள் தன்னோட அடாப்டரை அடையாளம் தெரியலைன்னா, பிளக்ல இருக்கும்போதே வேகத்தைக் குறைச்சுக்கும். முக்கியமா ஒண்ணு, டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ அடிப்பக்கம் வீங்கியிருந்தாலோ, அது பேட்டரி உப்பறது. அணைச்சு வெச்சுட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோங்க. குத்திப் பார்க்கற விஞ்ஞானி வேலை வேண்டாம், தீப்பிடிக்கும்.

ராசிபுரம் டெஸ்டுக்கு வருவோம். முந்தின நாள் சாயங்காலமே சார்ஜரைக் கழட்டிட்டு, கேமரா ஆன் பண்ணி, ஒரு மணி நேரம் ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பாருங்க. எத்தனை சதவீதம் இறங்குதுன்னு குறிச்சுக்குங்க. ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைங்க, அதுல மிச்சமாகறது நிறைய, வேகமும் கெடாது. செல்போனை கேபிள்ல மாட்டி நெட் எடுக்காதீங்க, அது சத்தமில்லாம உங்க லேப்டாப்ல இருந்து சார்ஜ் குடிக்கும்.

வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா வேலை இன்னும் ஈஸி. சாதாரண லேப்டாப் அடாப்டர் 65 வாட்தான். உங்க வீட்டு பழைய சீலிங் ஃபேன் 75 வாட். பல வீட்டுல இன்வெர்ட்டர் லைன் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் போயிருக்கும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு பிளக் பாயின்ட் இழுக்கச் சொல்லுங்க. அதுல மாட்டினா, கரண்ட் போனது லேப்டாப்புக்குத் தெரியவே தெரியாது. பதிலுக்கு ஒரே ஒரு ஃபேனை அணைச்சா போதும். பாட்டி திட்டுவாங்க, அந்த ஒன்றரை மணி நேரம் தம்பியை விசிறச் சொல்லுங்க.