பொல்லடியும் பத்து நிமிடமும்

கல்முனைப் பக்கம் இன்று ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் திறக்கிறார்கள் என்றால் அங்கே பொல்லடி, அதாவது முஸ்லிம் ஊர்களின் கோலாட்டம், இருக்கும். பிரதம அதிதி வாகனத்தை விட்டு இறங்கியதும், ஒரே நிறச் சட்டை போட்டு இரண்டு வரிசையில் நிற்கும் பொடியன்கள் பொல்லைத் தட்டத் தொடங்குவார்கள். வாசலிலிருந்து மேடை வரை ஆட்டம் அவரோடு நகரும். அவர் கதிரையில் அமர்ந்ததும் அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்துக் கிறாஅத்துக்கு அழைப்பார். அத்தோடு சரி. எல்லாமாகப் பத்து நிமிடம் வந்தால் பெரிது.

மூத்தவாப்பாமார் காலத்தில் ஆட்டத்தை நிறுத்தும் உரிமை அண்ணாவியாரிடம் இருந்தது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லா ஊர்களிலும் மாப்பிள்ளை ஊர்வலம், சுன்னத்துக் கல்யாணம், கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றம் என்று பொல்லடிக்குச் சந்தர்ப்பங்கள் இருந்தன. அண்ணாவியார் கையில் தாளத்தோடு பாட்டெடுப்பார். சோடி சோடியாக நிற்பவர்கள் வட்டமாகச் சுழன்று, எதிரே வருபவன் பொல்லில் தன் பொல்லை மோதி, விலகி, அடுத்தவனிடம் போவார்கள். மெதுவாகத் தொடங்கும் தாளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். எப்போது ஏற்றுவது, எந்தப் பாட்டுக்கு மாறுவது, யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாரை வெளியே எடுப்பது என்று எல்லாம் அவர் கண்ணில் நடக்கும். பையன்களைப் பொறுக்குவதும் பழக்குவதும் பாட்டுக் கட்டுவதும் அவர் வேலையே. மேலைநாட்டுப் பலே அரங்கில் நடன அமைப்பாளர், கலை இயக்குநர், இசை நடத்துநர் என்று மூவருக்குத் தனித்தனியாகச் சம்பளம் கொடுக்கும் வேலை இது. எங்கள் ஊரில் ஒருவரே பார்த்தார். பகலில் வயலுக்கோ கடலுக்கோ தறிக்கோ போனார்.

கொழும்பில் இந்த வேலைக்கு முகமாக நின்றவர் நடனக் கலைஞர் சித்திரசேனா. 1921இல் பிறந்தவர், 2005இல் மறைந்தார். கொகம்பா கங்காரிய போன்ற சடங்குகளில் விடிய விடிய ஆடப்பட்ட கண்டிய ஆட்டத்தை எடுத்து, கதை சொல்லும் மேடைப் பலேயாக மாற்றினார். மீனவக் குடும்பங்களின் கதையான ‘கரதிய’ 1961இல் மேடையேறியது. ஆண்கள் சடங்குக்காக ஆடிவந்த அந்த ஆட்டத்தை மேடைக் கலையாகக் கற்றுத் தன் வாழ்நாள் தொழிலாக்கியவர் அவருடைய மனைவி வஜிரா. இந்திய அரசு அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தது. இன்று அவர்களுடைய நடனக் குழுவின் கலை இயக்குநர் பேத்தி ஹேஷ்மா விக்னராஜா. மூன்று தலைமுறையாக ஒரு பொறுப்பு கைமாறி வந்திருக்கிறது.

கிழக்குக்கு அந்த மாதிரி ஒரு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. சரச்சந்திராவின் ‘மனமே’ 1956இல் சிங்கள நாடகத்தைப் புரட்டிப் போட்டபின், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை அதே வழியில் மேடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய மாணவர் அமிர்தகழி மௌனகுரு எழுதிய ‘இராவணேசன்’ 1960களில் வந்தது. வட்டக்களரியில் இரவு முழுக்க ஆடுவதை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கினார்கள். ஊர் அண்ணாவிமார் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. சட்டம் கொடுப்பது முதல் சதங்கை அணிவது, கிழமைக் கூத்து, அரங்கேற்றம் என்று மாதக்கணக்கில் ஊரையே கட்டி வைத்திருந்த ஒன்றை இரண்டு மணி நேரம் என்றால் யாருக்குத்தான் வலிக்காது?

இருந்தும் நான் மௌனகுருவின் பக்கமே நிற்பேன். வெட்டியவர் கலைஞர். எதை வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டினார், வெட்டிய இடத்தில் பாத்திரத்தின் மனப் போராட்டம் போன்ற ஒன்றை வைத்தார். சித்திரசேனா செய்ததும் அதுதான். பொல்லடியை வெட்டியது நிகழ்ச்சி நிரல். அது எதையும் திருப்பித் தரவில்லை.

பொல்லடி சுருங்கியதற்குக் காரணங்கள் ஒன்றிரண்டல்ல. 1980களின் நடுவிலிருந்து இருட்டினால் வீதியில் ஆள் நடமாட முடியாத போர்க்காலம் ஒன்று வந்தது. இரவு ஊர்வலம் தன்பாட்டில் நின்றது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரையோர வீடுகளை வாரிக்கொண்டு போனது. தப்பியவர்கள் புதுக் குடியேற்றங்களுக்குச் சிதறினார்கள். பக்கத்து வீட்டுப் பையனை அந்திக்குப் பழக்கக் கூப்பிட்ட ஒழுங்கைகளும் போயின. கல்யாணம் மண்டபத்துக்குப் போய்விட்டது, மாப்பிள்ளை காரில் போகிறார். கொடியேற்றமும் கந்தூரியும் மார்க்கத்தில் இல்லாதவை என்ற பிரசாரமும் வலுத்தது. அதை நம்புகிறவரோடு இங்கே நான் வாதாடவில்லை. ஆட்டத்துக்கு இருந்த மேடைகளில் ஒன்று அதனால் சுருங்கியது என்பதை மட்டும் குறிக்கிறேன்.

ஆனால் மருதமுனையை ஒட்டிய பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் பாண்டவர் கதை பதினெட்டு நாள் இன்றும் நடக்கிறது. ஒரே பிரதான வீதி, வேலிக்கு அந்தப் பக்கம் பதினெட்டு நாள், இந்தப் பக்கம் பத்து நிமிடம். பாண்டிருப்பில் நேரத்தைக் கோயில் வைத்திருக்கிறது. பொல்லடிக்கு அதை வைத்திருந்தவர் அண்ணாவியார் ஒருவர்தான். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை.

இப்போதுள்ள பையன்கள் நன்றாகவே ஆடுகிறார்கள். உடுப்பு பளிச்சென்று இருக்கிறது, காலடி பிசகுவதில்லை. ஏறு தாளம் வரை போக அவர்களுக்கு நேரம்தான் இல்லை. ஒரு மணி நேரப் பொல்லடி மேடையேற வேண்டுமானால் கதை வேண்டும். அதற்கு அலையத் தேவையில்லை: நிந்தவூர் முத்துமீரான் போன்றவர்கள் வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த நாட்டார் கவிகள் இருக்கின்றன. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது; ‘இராவணேசன்’ பிறந்ததும் பல்கலைக்கழக மாணவர்கள் நடுவில்தான். ஆனால் அந்தக் கவிகளில் பெண் பாடுபவை ஏராளம், பொல்லடியோ ஆண்களின் ஆட்டம். மச்சானுக்குப் பதில் சொல்லும் மச்சியின் கவியை மேடையில் யார் பாடுவது? புது அண்ணாவியார் ஒருவர் கிளம்பினால், முதல் ஒத்திகையன்றே இந்தச் சண்டைதான் நடக்கும்.