செய்தி வராத ஊர்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்ததும் டிவி போட்டவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஆறுதலான செய்தி. பல்லாயிரம் பேர் முன்கூட்டியே முகாம்களுக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள், உயிர்ச்சேதம் குறைவு, ஏற்பாடுகள் கச்சிதம். கட்சி வேறுபாடின்றிப் பாராட்டும் வந்தது. அதே காலையில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, ஆலங்குடிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்தன. அதைச் சொல்ல அங்கே யாரிடமும் செல்போன் சிக்னல் இல்லை.

பேரிடரின் முதல் செய்தி ஏன் தப்பாகிறது என்று கேட்டால் அவசரம், போட்டி, வதந்தி என்று அடுக்குவார்கள். அதெல்லாம் உண்டுதான். ஆனால் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, ஊருக்கும் அது பொருந்தும். பேச முடிந்த ஊரிலிருந்துதான் செய்தி வரும். அடி அதிகம் வாங்கிய ஊருக்கு முதலில் போவது வாய்தான்.

புயல் அடித்த மறுநாள் ஒரு தாலுகா நிருபரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவர் வீட்டு ஓடும் பறந்திருக்கும். பைக்கில் பெட்ரோல் இருக்காது, பங்கில் கரண்ட் இருக்காது. கிராமத்துக்குப் போகும் ரோட்டில் பத்தடிக்கு ஒரு புளியமரம் குறுக்கே கிடக்கும். அவரால் போக முடிவது பஸ் ஸ்டாண்டு, கலெக்டர் ஆபீஸ், ஜி.எச். வரைதான். ஜி.எச். சவக்கிடங்குக்கு வந்து சேர்ந்த உடல்கள்தான் அன்றைய 'பலி எண்ணிக்கை'. தோப்பு வீட்டுச் சுவர் இடிந்து செத்தவரைக் கொண்டுவர வண்டி போகாத வரைக்கும் அவர் கணக்கில் இல்லை.

எண்ணிக்கை பின்னால் கூடித்தான் ஆகும் என்றும் இல்லை. 2001 செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்தபோது 6,000 பேருக்கு மேல் இறந்திருப்பார்கள் என்றார்கள். ஒரே பெயர் பல பட்டியல்களில் ஏறியிருந்தது. சரிபார்த்து முடித்தபோது 2,753.

சுனாமியை எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26 அன்று உலகத் தொலைக்காட்சிகளில் இலங்கை வந்தது, நாகை வந்தது, தாய்லாந்தின் உல்லாசக் கடற்கரைகள் வந்தன. நிலநடுக்கத்துக்கு மிக அருகில் இருந்த சுமத்ராவின் ஆச்சே அன்றைக்குப் பெரும்பாலும் ஊமையாகவே கிடந்தது. உள்நாட்டுப் போர் காரணமாக வெளியார் நுழையக் கட்டுப்பாடு இருந்த பகுதி அது. இருந்த தொலைபேசிக் கம்பிகளையும் அலை கொண்டுபோயிருந்தது. இறந்த சுமார் 2,30,000 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அங்கேதான். இவ்வளவு பெரிய சாவு முதல் நாள் செய்தியில் ஒரு ஓரத்தில் நின்றது.

கருவிகளும் அன்று தடுமாறின. முதல் கால் மணி நேரத்தில் வந்த நிலநடுக்க அளவு 8.0. ஒரு மணி நேரத்தில் 8.5. பின்னாளில் 9.1 என்றார்கள். வெளிப்பட்ட ஆற்றலில் இது முதல் கணக்கைப்போல நாற்பது மடங்குக்கும் அதிகம். 1,200 கிலோமீட்டருக்கு மேல் பிளந்த பூமியின் நீண்ட அலைகளை அளந்து முடிக்க நேரம் தேவைப்பட்டது.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, இன்னொரு சுனாமி வரலாம் என்று எச்சரிக்கை வந்தது. நாகையில் உடல் தேடிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து ஓடினார்கள். நிவாரண வண்டிகள் திரும்பின. ஆதாரமில்லை என்று சில மணி நேரத்தில் தெரிந்தது, ஆனால் அதற்குள் அந்த நாளின் தேடல் குலைந்துவிட்டது.

வேகமான செய்திதான் உயிர் காக்கிறது, காத்திருந்தால் வதந்தி முந்திக்கொள்ளும் என்பவர்களும் இருக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு.

என் கவலை வேறு. தப்பான எண்ணைப் பிறகு திருத்திவிடலாம். உதவி அப்படித் திரும்பாது. கஜாவுக்குப் பிறகு சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மெழுகுவத்தி, தார்ப்பாய், பிஸ்கட் ஏற்றிக்கொண்டு வேன் வேனாக வந்தார்கள். மனசார வந்தார்கள். டிவியில் கேட்ட ஊர்ப் பெயரை விசாரித்து வந்தார்கள். மெயின் ரோட்டு ஊர்களிலேயே வேன் காலியானது. உள்ளே இருந்தவர்கள் காலிக் குடத்தோடு ரோட்டுக்கு வந்து மறியலில் உட்கார வேண்டியிருந்தது. அப்போதுதான் அந்த ஊர்களின் பெயர் செய்தியில் அடிபட்டது. காய்க்க ஐந்தாறு வருஷம் பிடிக்கும் தென்னையை இழந்தவர், தான் இழந்ததை நிரூபிக்கவும் மறியல் செய்ய வேண்டுமா?

வாக்கு எண்ணும் நாளில் எத்தனை சுற்று முடிந்தது, எத்தனை பாக்கி என்று திரையின் அடியில் விடாமல் ஓட்டுகிறோம். புயலன்றும் அதைச் செய்யலாம். பலி இத்தனை என்று சொல்லும்போதே, இந்தந்த ஒன்றியங்களில் இத்தனை ஊராட்சிகளிலிருந்து இன்னும் தகவல் வரவில்லை என்று கீழே ஒரு வரி. எந்த வி.ஏ.ஓ. போனில் கிடைத்தார், யார் கிடைக்கவில்லை என்பது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்ததுதான். அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி வாசிக்க நிருபருக்கு ஐந்து நிமிஷம் ஆகும். வேன் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர் அந்த ஊர்களுக்கு முதலில் போவார்.