உங்களுக்குத் தெரியுமா? குளிர் கேட்கும் குட்டி மரம்

ஊசியிலை மரமென்றால் ஆண்டு முழுதும் பச்சைதான் என்று நினைப்போம். லார்ச் அப்படியல்ல, இலையுதிர் காலத்தில் பொன்னிறமாகி ஊசிகள் அத்தனையையும் உதிர்த்துவிடும். வசந்தத்தில் வெறுங்கிளையெங்கும் இளம்பச்சைக் கொத்துகள் விரியும் அழகுக்காகவே பிரிட்டனில் போன்சாய் வளர்ப்போர் இதை விரும்புகிறார்கள்.

கிழக்குச் சைபீரியாவில் மைனஸ் 60 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்கும் குளிரில் லார்ச் காடாகவே நிற்கிறது. ஆனால் ஆழமற்ற போன்சாய்த் தொட்டியில் வேருக்கு நிலத்தின் பாதுகாப்பு இல்லை. அதனால் கடுங்குளிர்ப் பகுதிகளில் தொட்டியோடு மண்ணில் புதைத்து வைப்பார்கள். வெப்பநாடுகளிலோ சிக்கல் நேர்மாறு: குளிர்கால உறக்கம் கிடைக்காத லார்ச் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழக்கும். நிழலும் நீரும் தாராளமாகத் தந்தாலும் பயனில்லை. அங்கே புளி, ஆல், அத்தி வகைகளில் போன்சாய் செய்வதே நல்லது.