செய்தவரும் செய்வித்தவரும்

ஆங்கிலங் கற்கும் நம் மாணவர் வினைச்சொற்களை ஆளுமிடத்து இடர்ப்படும் இடங்கள் சில உள. ஒருவன் ஒரு தொழிலைத் தானே செய்தானா, பிறரைக் கொண்டு செய்வித்தானா என்பதை வாக்கியத்தில் வேறுபடுத்திக் காட்டுமிடம் அவற்றுள் ஒன்று. 'தலைமயிர் வெட்டினேன்', 'சட்டை தைத்தேன்', 'பல்லுப் பிடுங்கினேன்' என நாம் நாள்தோறும் பேசுகின்றோம். கத்தரியும் ஊசியும் குறடும் பிறர் கையில் இருந்தன என்பது கேட்போர்க்குத் தானே விளங்கும். அவ்வழக்கை அவ்வாறே பெயர்த்து 'ஐ கட் மை ஹெயார்' என எழுதினால், எழுதியவன் கண்ணாடியின் முன் நின்று தன் மயிரைத் தானே வெட்டிக்கொண்டான் என்றே ஆங்கிலேயன் பெரும்பாலும் கொள்வான்.

அவன் கூறும் முறை 'ஐ ஹாட் மை ஹெயார் கட்' என்பதாகும். முதலிற் செய்வித்தவன், அடுத்துக் காலத்திற்கேற்ற வடிவில் 'ஹாவ்' என்னும் வினை, அதன்பின் செயப்படுபொருள், ஈற்றில் 'பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்' எனப்படும் எச்ச வடிவம். இவ்வரிசை பிறழலாகாது; பிறழின் பொருளும் பிறழும். 'ஹீ ஹாட் எ வெல் டக்' எனின், அவன் ஆள்வைத்துக் கிணறு தோண்டுவித்தான் என்பது பொருள். 'ஹீ ஹாட் டக் எ வெல்' எனின், அவன் முன்னரே ஒரு கிணறு தோண்டியிருந்தான் என்பது பொருள். சொற்கள் ஐந்தும் அவையே. ஒரு சொல் இடம்பெயர்ந்தமையால் மண்வெட்டி கைமாறிவிட்டது. பேச்சு வழக்கில் 'ஹாவ்' என்பதன் இடத்தில் 'கெட்' வருதலும் உண்டு.

தொழில் செய்தவரைச் சுட்ட விரும்பின், ஈற்றில் 'பை' என்னும் சொல்லுடன் அவரைச் சேர்க்கலாம். 'ஹீ ஹாட் த மேசன் பில்ட் த வால்' என அவரை நடுவில் வைத்தும் கூறலாம். ஆண்டு வினை எச்சமாகாது இயல்பு வடிவில் நிற்கும். வற்புறுத்திச் செய்விப்பதற்கு 'மேக்' உரியது. 'தே மேட் ஹிம் வெயிட்' என்பதைச் செயப்பாட்டுவினையாக்கின் 'ஹீ வாஸ் மேட் டு வெயிட்' ஆகும். செய்வினையில் இல்லாத 'டு' இங்கே வந்து சேர்வதை மாணவர் மறத்தலாகாது.

இவ்வமைப்பிற்கு இன்னொரு பொருளும் உண்டு. 'த பிஷர்மன் ஹாட் ஹிஸ் நெட்ஸ் ஸ்டோலன்' எனின், வாவியில் மீன்பிடிப்பவன் தன் வலைகளை ஆள்வைத்துத் திருடுவித்தான் என்பதன்று. களவு கொடுத்தான் என்பதே. 'களவு கொடுத்தான்', 'பறிகொடுத்தான்' என்னும் நம் தொடர்களிலும் கொடுத்தவன் விரும்பிக் கொடுத்தவனல்லன். இவ்விடத்தில் இருமொழியும் ஒருங்கே செல்லுதல் காண்க.

இனி, தமிழில் இவ்வேறுபாடு இல்லையென எவரும் எண்ணற்க. 'கட்டினான்' தன்வினை, 'கட்டுவித்தான்' பிறவினை, 'கட்டுவிக்கப்பட்டது' என்பதிற் பிறவினையும் செயப்பாட்டும் ஒரு சொல்லுள் அடங்கின. ஆங்கிலம் சொற்களை வரிசைப்படுத்திப் பெறும் பொருளைத் தமிழ் 'வி', 'பி' என்னும் சிறு விகுதிகளாற் பெறுகின்றது. தஞ்சைப் பெருங்கோயிலை 1010ஆம் ஆண்டில் நிறைவேற்றிய முதலாம் இராசராசன், தன் கல்வெட்டில் அதனைத் தான் எடுத்த கோயில் என்னாது, 'எடுப்பிச்ச' கற்றளி என்றே பொறித்தான். எடுத்த பெருந்தச்சனின் பெயரும் அக்கோயிற் கல்வெட்டிலேயே இடம்பெற்றது. விகுதி ஒன்றில் வேந்தன் காட்டிய நேர்மை இது.

அரசு, வேந்தர் முதலியோர் செய்வித்தவற்றை 'பில்ட்' என்று நேரே கூறுதல் ஆங்கிலத்திலும் பிழையன்று. 1924இல் மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தை அரசாங்கம் கட்டியது என்றால், ஆள்பதி இரும்பு சுமந்தார் என எவரும் கருதார். விபுலாநந்த அடிகளார் 1929இற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார் என்பதற்கும் 'ஹாவ்' வேண்டுவதில்லை. நிறுவுதல் நிறுவியவரின் சொந்தச் செயல். சுவரெழுப்புதலோ கொத்தரின் செயல். மயிர், உடை, வீடு, தோணி எனத் தனிமனிதர் பிறர் உழைப்பாற் பெறுவனவற்றை எழுதும்போதே விழிப்பு மிக வேண்டும்.

ஆதலின் மாணவர்க்கு நாம் கூறும் விதி ஒன்றே. வாக்கியத்தை எழுதுமுன், 'இத்தொழிலிற் பட்டது யாருடைய கை?' என வினவுக. தன் கையெனின் நேர்வினை எழுதுக. பிறர் கையெனின் செய்வித்தற் பொருளமைய எழுதுக. தமிழெழுதும்போதும் அவ்வினாவைக் கைவிடற்க. இலக்கணப் பிழை நீங்குவதோடு, தோணியைப் பழுதுபார்த்தவனும் சுவரை எழுப்பியவனும் நம் வாக்கியங்களில் தமக்குரிய இடத்தையும் பெறுவர்.