சக்கரத்தை விசாரித்த நீதி

வேலைத்தலத்தில் ஒரு தொழிலாளி மாண்டால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அவன் எவ்வாறு மாண்டான் என்பது ஒன்று. அவனைப் போல் இன்னொருவன் மாளாதிருக்க யாது செய்தல் வேண்டும் என்பது மற்றொன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்து முதற் கேள்வியைக் கேட்டது; இரண்டாவதைக் கேளாது விட்டது. அதனால் விளைந்தது யாதென்பதை நமது நேயர்கள் அறிதல் நலம்.

அத்தேசத்தில் பிரேத விசாரணை நடத்தும் உத்தியோகஸ்தருக்குக் கொரோனர் என்று பெயர். 1194-ம் ஆண்டில் ஏற்பட்ட இவ்வுத்தியோகம், ஆதியில் அரசனுக்குச் சேரவேண்டிய வருமானத்தைக் காப்பதையும் தன் கடமையாகக் கொண்டிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் திடீர் மரணங்களை விசாரிப்பதே அதன் பிரதான வேலையாயிற்று. கொரோனர் அக்கம்பக்கத்தாரில் பன்னிருவருக்குக் குறையாத ஜூரியைக் கூட்டுவார். விசாரணை பெரும்பாலும் ஊர் மதுச்சாலையில் நடைபெறும். பிரேதத்தை நேரில் பாராவிடில் விசாரணை செல்லாது. சாரத்தினின்று விழுந்த கொத்தன், சக்கரத்தில் அகப்பட்ட வண்டிக்காரன், தேம்ஸ் நதியில் மூழ்கிய படகோட்டி, புகைபோக்கியைச் சுத்தம் செய்யப் புகுந்து மூச்சடைத்து மாண்ட சிறுவன் ஆகிய எவராயினும், கண்டவர்கள் சாட்சி சொல்ல, ஜூரி முடிவு கூறும். லண்டனைச் சேர்ந்த வெஸ்ட்மின்ஸ்டரில் 1760 முதல் 1799 வரை நடந்த விசாரணைகளின் காகிதங்கள் இன்றும் இருக்கின்றன. ஏழையின் மரணமும் ஊரார் அறிய விசாரிக்கப்படல் வேண்டுமென்ற இக்கொள்கையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் கொள்கை வேறு, நடைமுறை வேறு. கொலையுண்டவனைப் பற்றிய விசாரணைக்கு 1487-ம் வருஷச் சட்டம் 13 ஷில்லிங் 4 பென்ஸ் கட்டணம் விதித்தது. விபத்தில் இறந்தவனைப் பற்றியோ கட்டணம் வாங்காமலே விசாரிக்கவேண்டுமென்று பின்னர் வந்த சட்டம் கட்டளையிட்டது. ஊதியமில்லாத வேலையில் எவர்க்கு ஊக்கம் பிறக்கும்? 1751-ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகே, முறையாக நடந்த ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு பவுனும், பிரயாணத்துக்கு மைலுக்கு 9 பென்ஸும் ஜில்லா வரிப்பணத்தினின்று கிடைக்கலாயின.

இனி, தீர்ப்பைப் பார்ப்போம். தற்செயலான மரணமென்று ஜூரி கூறினால், மரணத்துக்குக் காரணமான பொருள் ‘டியோடாண்டு’ ஆகும். கடவுளுக்குக் கொடுக்கத் தக்கது என்பது அந்த லத்தீன் சொல்லின் அர்த்தம். அப்பொருளோ, ஜூரி மதித்த அதன் விலையோ கடவுளிடம் போகவில்லை. அரசனுக்கு அல்லது அவனிடம் அவ்வுரிமை பெற்ற நிலப்பிரபுவுக்குச் சென்றது. சட்ட நிபுணர் பிளாக்ஸ்டன் 1765-ல் வெளியிடத் தொடங்கிய தமது நூலில் இதன் நுணுக்கத்தை விளக்குகிறார். நிற்கும் வண்டியின் சக்கரத்தில் ஏறியவன் தவறி விழுந்து மாண்டால் சக்கரம் மட்டுமே பறிபோகும். ஓடும் வண்டியின் சக்கரம் ஏறி மாண்டால் வண்டியும் பாரமும் சேர்ந்து பறிபோகும். ஜூரிகள் அற்பமானதொரு பகுதியையே காரணமாகக் காட்டி அபராதத்தைக் குறைத்துவிடுவர் என்றும் அவரே எழுதுகிறார். சக்கரம் ஓடிற்றா, நின்றதா என்று இத்துணை நுட்பமாய் ஆராய்ந்த சட்டம், அவ்வண்டியை அந்நிலையில் ஓட்டச் செய்த எஜமானன் யாரென்று ஆராய்வதில் சிரத்தை கொள்ளவில்லை. விதவையின் கதி என்ன? மனிதனின் மரணத்தை நஷ்டமாகக் கருதிச் சிவில் கோர்ட்டில் வழக்காட இயலாதென்று 1808-ல் எல்லன்பரோ பிரபு கூறினார். கையை இழந்தவன் வழக்காடலாம். உயிரை இழந்தவனின் குடும்பம் வழக்காடலாகாது!

வடக்கே நார்தம்பர்லாந்து, டர்ஹாம் ஜில்லாக்களின் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த அரை விசாரணையும் அரிதாயிருந்தது. சுரங்கத்தில் மாண்டோர்க்குப் பிரேத விசாரணை நடத்தும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த பின்னரே அங்கு வேரூன்றியது. பத்திரிகையின் யோக்கியதையையும் கேளுங்கள். 1767 மார்ச்சில் ‘நியூகாஸில் ஜர்னல்’ சுரங்க வெடி விபத்தொன்றைக் குறிப்பிட்டுவிட்டு, இத்தகைய விஷயங்களை விசேஷமாகப் பிரஸ்தாபிக்க வேண்டாமென்று தான் கேட்டுக்கொள்ளப்பட்டிருப்பதால் மேலே எழுதவில்லையென அறிவித்தது. கேட்டுக்கொண்டவர் இன்னாரென்று அது சொல்லவில்லை, ஊகிப்பதில் கஷ்டமுமில்லை. பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நாம் அவ்வரிகளை வெட்கத்துடனேயே வாசித்தோம்.

அம்மௌனத்தைக் கலைத்தவர் ஒரு பாதிரியார். 1812 மே 25-ம் தேதி நியூகாஸிலை அடுத்த பெல்லிங் சுரங்கம் வெடித்து 92 பேர் மாண்டனர். அவர்களை அடக்கம் செய்த ஜான் ஹாட்ஜ்ஸன் என்பார், மாண்டவர்களின் பெயரும் வயதும் உட்பட விவரம் முழுவதையும் அச்சிட்டு வெளியிட்டார். 1813-ல் ஸண்டர்லாந்தில் சுரங்க விபத்துக்களைத் தடுப்பதற்கென ஒரு சங்கம் தோன்றியது. அதன் வேண்டுகோளின்மேல் ஆராய்ந்த ஹம்ப்ரி டேவி 1815-ல் காப்பு விளக்கை அமைத்தார். விளக்கொன்றே விபத்தை ஒழித்துவிடவில்லை. ஆயினும் இரண்டாவது கேள்வி அன்றுதான் உரக்கக் கேட்கப்பட்டது.

ரயில் வந்தபின் பழைய டியோடாண்டுக்கும் பல் முளைத்தது. 1841 டிசம்பர் 24-ம் தேதி ஸானிங் என்னுமிடத்தில் ரயில் தடம் புரண்டு தொழிலாளர் பலர் மாண்டபோது, ஜூரி 1,000 பவுன் விதித்தது. சக்கரத்தின் விலை முதலாளியின் பையைத் தொட்டதும் பார்லிமெண்டு விழித்துக்கொண்டது. 1846-ல் டியோடாண்டு ஒழிந்தது. அவ்வாண்டிலேயே, இறந்தவன் குடும்பம் நஷ்டஈடு கோரும் உரிமையும் சட்டமாயிற்று. அதைப் பின்பற்றியே 1855-ல் இந்தியாவிலும் மரண விபத்துச் சட்டம் பிறந்தது.

இது அந்நிய தேசத்துப் பழங்கதையன்று. நம் நாட்டில் 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவு, இயந்திரத்தாலோ விபத்தாலோ ஒருவன் மாண்டால், அக்கம்பக்கத்துக் கௌரவமான குடிகள் இருவர் அல்லது அதிகமானோர் முன்னிலையில் போலீஸ் அதிகாரி விசாரித்து அறிக்கை எழுதவேண்டுமென்கிறது. அந்த இருவர் யாவர்? எஜமானன் கைகாட்டியவர்களா, மாண்டவனுக்காகக் கேள்வி கேட்கக் கூடியவர்களா? பொதுநலத் தொண்டர்களே! உங்கள் ஊரில் அத்தகைய மரணம் நேர்ந்தால் அவ்விடத்துக்குச் செல்லுங்கள், சாட்சியாக நில்லுங்கள். இயந்திரத்தால் மாண்டான் என்று மட்டும் எழுதிய காகிதத்தில் வாய்மூடிக் கையெழுத்திடாதீர்கள். அவ்வியந்திரத்துக்கு வேலி இருந்ததா, அவனை எத்தனை மணி நேரம் வேலை வாங்கினார்கள், முன்னர் எவரேனும் எச்சரித்தனரா என்று கேளுங்கள். கேட்டதையும் கிடைத்த விடையையும் எங்களுக்கு எழுதுங்கள். வெளியிட வேண்டாமென்று எவர் கேட்டுக்கொண்டாலும், கேட்டுக்கொண்டவர் பெயரையும் சேர்த்தே வெளியிடுவோம்.